நாட்டின் ஆராய்ச்சி அமைப்பும் ஹெப்பகோடித் தொழிற்சாலையும்

மத்திய அரசாங்கம் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் தேதி வெளியிட்ட விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம், ஒரு நாட்டின் செழுமைக்கு மக்களின் ஊக்கத்தோடு மேலும் மூன்று காரணங்கள் வேண்டும் எனக் கூறிற்று. தொழில் நுணுக்கம், மூலப்பொருள், மூலதனம் என்பவையே அம்மூன்று. இவற்றுள் தொழில் நுணுக்கமே தலையாயது என்றும் அத்தீர்மானம் கருதிற்று. புதிய நுணுக்கம் இயற்கைப் பொருள்களின் குறையை ஈடு செய்ய வல்லது. மூலதனத்தின் தேவையையும் ஓரளவு குறைக்க வல்லது.

அத்தீர்மானம் வெளிவந்த காலத்திலேயே நாட்டில் ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் பல வேரூன்றியிருந்தன. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-ஆம் ஆண்டு தோன்றியது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு 1942-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆராய்ச்சிச்சாலைகளில் கண்டறியப்படும் முறைகளைத் தொழிலதிபர்களிடம் சேர்ப்பிப்பதற்கென்றே 1953-ஆம் ஆண்டு தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டது.

ஸ்தாபனங்கள் இவ்வாறு பெருகிய பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஆராய்ச்சியாளர் தமது குப்பியில் உண்டாக்கிய பொருள் நோயாளியின் கைக்கும் உழவரின் கைக்கும் எவ்வழியாக வந்து சேருகிறது? அவ்வழியின் தொடக்கத்தில் பல்கலைக் கழகமும் முடிவில் சந்தையும் நிற்கின்றன. இடைப்பட்ட தூரத்தைக் கடப்பதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் ஏற்பவர் யார்? வளர்ந்து வரும் நாடுகள் யாவற்றிலும் ஆராய்ச்சி அமைப்பின் பலமும் பலவீனமும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. கர்நாடகத்திலுள்ள ஹெப்பகோடி என்னும் ஊரின் அனுபவம் இதனை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது.

ஊரும் தொழிலும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20-ஆவது கிலோமீட்டரில், ஆனேகல் தாலுகாவைச் சேர்ந்தது ஹெப்பகோடி. ஒருபுறம் எலெக்ட்ரானிக் சிட்டியும் மறுபுறம் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையும் அதனை அடுத்துள்ளன. சாலையின் வழியே மேலும் சென்றால் தமிழ்நாட்டின் ஓசூர் வந்துவிடும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் தடத்தில் இவ்வூரின் நிலையத்துக்கு வைக்கப்பட்டுள்ள பெயரில் ‘பயோகான்’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கின்றது. இங்கு வளர்ந்த ஒரு கம்பெனியின் பெயர் அது. நொதிப்பொருள்களைத் தயாரிக்கத் தொடங்கி, இன்சுலினையும் புற்றுநோய் மருந்துகளையும் தயாரிக்கும் நிலைக்கு அது உயர்ந்தது.

பயோகான் இந்தியா கம்பெனி 1978-ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கொட்டகையில் தொடங்கப்பெற்றது. தொடங்கியவர் கிரண் மஜும்தார் அம்மையார். பெங்களூரில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றபின், ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். பெண் என்ற காரணத்தால் அத்தொழிலில் அவருக்கு இந்தியாவில் வேலை கிட்டவில்லை. அயர்லாந்திலுள்ள கார்க் நகரில் பயோகான் பயோகெமிக்கல்ஸ் என்ற கம்பெனியை நடத்திவந்த லெஸ்லி ஆக்கின்கிளாஸ் என்பவர் இந்தியாவில் கூட்டாளி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைய சட்டம் அயல்நாட்டாரின் பங்குக்கு வரம்பு விதித்திருந்த நிலையில், அவர் தரப்புக்கு 30 சதவீதப் பங்கே அமைந்தது. ஆகவே எஞ்சிய 70 சதவீதப் பங்கு அம்மையாருடையதாயிற்று. தொடக்க முதல் 10,000 ரூபாய்.

மூலப்பொருள்: பப்பாளிப் பாலும் மீனின் காற்றுப்பையும்

விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் குறிப்பிட்ட மூன்று காரணங்களுள் முதலில் கைக்கு எட்டியது மூலப்பொருளே. பப்பாளி விளைச்சலில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா. முற்றிய, ஆனால் பழுக்காத பப்பாளிக்காயின் தோலைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அப்பாலைச் சேகரித்து உலர்த்தினால் ‘பப்பெய்ன்’ என்னும் நொதிப்பொருள் கிடைக்கும். ஆட்டிறைச்சி விரைவில் வேகும்பொருட்டுச் சமையலில் ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்ப்பது தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கம். அக்காயின் பாலிலுள்ள நொதிப்பொருள் இறைச்சியின் புரதத்தைச் சிறு கூறுகளாக உடைப்பதே இதன் காரணம். பீர் குளிரும்போது அதிலுள்ள புரதங்கள் திரண்டு கலங்கலை உண்டாக்குகின்றன. அப்புரதங்களை உடைத்து அதனைத் தெளிவாக வைக்கவும் இதே பொருள் பயன்படுகின்றது.

மீன்களின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ‘ஐஸிங்கிளாஸ்’ என்பது மற்றொரு பொருள். இது நொதிப்பொருள் வகையைச் சேர்ந்ததன்று. பீரில் மிதக்கும் ஈஸ்ட்டைப் படிய வைக்கும் புரதமாகும். இவ்விரண்டையும் தயாரித்து ஓராண்டிற்குள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் திறனைப் புதிய கம்பெனி பெற்றது.

இயற்கைப் பொருளைப் பிரித்தெடுத்து அயல்நாட்டுக்கு அனுப்புவது தொழிலின் முதற்படி மட்டுமே. அப்பொருளைக்கொண்டு மதிப்புமிக்க பண்டங்களைச் செய்யும் அறிவு வாங்குபவரிடமே தங்கிவிடுகின்றது. வளரும் நாடுகளின் தொழில்கள் பல இப்படியிலேயே நின்றுவிட்டன. ஹெப்பகோடித் தொழிற்சாலை இதனைக் கடந்த விதமே இங்குக் கருதத்தக்கது.

மூலதனம்: இடைப்பட்ட படியின் இடர்

தொடக்க காலத்தில் வங்கிகள் இக்கம்பெனிக்குக் கடன் தரத் தயங்கின. உயிரித் தொழில்நுட்பம் என்பது அன்று கேள்விப்படாத துறை. ஈடு வைக்கச் சொத்து இல்லை. நடத்துபவர் ஓர் இளம் பெண். தற்செயலாக ஒரு சமூக நிகழ்ச்சியில் வங்கி அதிகாரி ஒருவரைச் சந்தித்ததன் விளைவாகவே முதற்கடன் கிடைத்தது. தடையற்ற மின்சாரம், தூய நீர், கிருமியற்ற ஆராய்ச்சிக்கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகிய எவையும் எளிதில் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1987-ஆம் ஆண்டு நேர்ந்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. என்னும் தொழில் கடன் ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த நாராயணன் வாகுலின் ஆதரவினால், இரண்டரை லட்சம் டாலர் மதிப்புள்ள இடர்தாங்கு மூலதனம் இக்கம்பெனிக்குக் கிட்டியது. கடனுக்கும் இவ்வகை மூலதனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் நன்று. கடன் கொடுத்தவர் தொழில் வெற்றி பெற்றாலும் தோற்றாலும் குறித்த நாளில் வட்டியை எதிர்பார்ப்பார். இடர்தாங்கு மூலதனம் கொடுத்தவர் தோல்வியில் தாமும் பங்கேற்கிறார். வெற்றியிலும் பங்கு பெறுகிறார். முடிவு தெரியாத ஆராய்ச்சிக்குப் பொருந்துவது பிந்தியதே.

அப்பணம் மேலும் பப்பெய்ன் தயாரிப்பதற்குச் செலவழிக்கப்படவில்லை. ஆராய்ச்சிக்கும், திடப்பொருள் நொதித்தல் என்னும் முறையைக் கையாளும் ஒரு புதிய ஆலைக்கும் செலவழிக்கப்பட்டது. இம்முடிவே பின்னர் நேர்ந்த யாவற்றுக்கும் அடிகோலியது.

தொழில் நுணுக்கம்: குப்பியிலிருந்து கொப்பரைக்கு

திடப்பொருள் நொதித்தல் ஜப்பானில் சோயா உணவுகளைத் தயாரிப்பதில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையைத் தழுவியது. ஈரமாக்கிய கோதுமைத் தவிடு போன்ற பொருளை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, தட்டுகளில் மெல்லியதாகப் பரப்புகின்றனர். அதன்மீது தேர்ந்தெடுத்த பூஞ்சைக்காளானின் வித்துக்களைத் தூவி, வெப்பத்தையும் ஈரத்தையும் அளவாகக் காத்துவருகின்றனர். சில நாட்களில் பூஞ்சை படர்ந்து, தவிட்டைச் செரிப்பதற்காக நொதிப்பொருள்களைச் சுரக்கின்றது. பின்னர் நீரினால் அவற்றைக் கழுவிப் பிரிக்கின்றனர்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையைப் பெரிய அளவில் நிகழ்த்துவது கடினம். காரணம் எளிய கணிதத்தில் அடங்கியுள்ளது. ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை ஒவ்வொன்றும் பத்து மடங்காக்கினால் அதன் கொள்ளளவு 1,000 மடங்கு பெருகும். ஆனால் அதன் மேற்பரப்பு 100 மடங்கே பெருகும். வளரும் பூஞ்சை வெப்பத்தை வெளியிடுகின்றது. அவ்வெப்பத்தின் அளவு கொள்ளளவைப் பொறுத்தது. அது வெளியேறும் வழியோ மேற்பரப்பைப் பொறுத்தது. ஆகவே சிறு குப்பியில் செழித்து வளரும் பூஞ்சை பெரும் பாத்திரத்தின் நடுவில் தன் சூட்டினாலேயே மடிந்துவிடுகின்றது. காற்றும் உட்புறத்துக்கு எட்டுவதில்லை. வேண்டாத கிருமி ஒன்று புகுந்துவிட்டால் விளைவு முழுவதும் வீணாகிவிடும்.

ஆராய்ச்சிச்சாலையின் முடிவை அப்படியே ஆயிரத்தால் பெருக்கித் தொழிற்சாலையாக்க இயலாது என்பதை இதிலிருந்து அறியலாம். குப்பிக்கும் கொப்பரைக்கும் நடுவே மாதிரி ஆலை ஒன்றை அமைத்து, பல முறை தவறிப் பல முறை திருத்தியாக வேண்டும். அக்காலத்தில் செலவு உண்டு, வருவாய் இல்லை. பல்கலைக் கழகம் இதனைத் தொழிலின் வேலை எனக் கருதும். தொழிலதிபர் இதனை ஆராய்ச்சியின் வேலை எனக் கருதுவார். நல்ல கண்டுபிடிப்புகள் பல இவ்விடத்திலேயே கைவிடப்படுகின்றன.

ஹெப்பகோடியில் தட்டு முறையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, வெப்பத்தையும் ஈரத்தையும் தானே சீர்செய்யும் மூடிய நொதிகலன் ஒன்றை உருவாக்குவதில் முடிந்தது. ‘பிளாஃப்ராக்டர்’ எனப் பெயரிடப்பட்ட அதற்கு 2001-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. மூலப்பொருளை விற்றுவந்த கம்பெனி தொழில் நுணுக்கத்தின் உரிமையாளராயிற்று.

ஒரு திறமையின்மேல் மற்றொரு திறமை

நுண்ணுயிர்களைக் கட்டுப்பாட்டுடன் வளர்க்கும் திறமை ஒரு பொருளோடு முடிந்துவிடுவதில்லை. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் என்னும் மருந்தும் ஒரு பூஞ்சையிலிருந்தே கிடைக்கின்றது. நொதிப்பொருள்களுக்காகப் பூஞ்சை வளர்த்துப் பழகியவர்கள் மருந்துக்காகவும் பூஞ்சை வளர்த்தனர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2001-ஆம் ஆண்டு இவ்விளைபொருளுக்கு அனுமதி அளித்தது.

அடுத்த படி இன்சுலின். 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகரில் கண்டறியப்பட்ட இம்மருந்து, பல பத்தாண்டுகளாகப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாக அமைந்த புரதம் அது. மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியத்தில் செலுத்தி அப்புரதத்தை உண்டாக்கும் முறையைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெனென்டெக் கம்பெனியினர் 1978-ஆம் ஆண்டு நிகழ்த்திக் காட்டினர். அம்முறையில் விளைந்த மருந்து 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

ஜெனென்டெக் ஆராய்ச்சிக்கூடத்தில் மனித இன்சுலின் உருவான அதே 1978-ஆம் ஆண்டில்தான் பெங்களூரில் ஒரு கொட்டகையில் பப்பாளிப் பாலைப் பதப்படுத்தும் முயற்சி தொடங்கியது. இரண்டிற்கும் இடையே இருந்த தூரத்தைக் கடக்க 26 ஆண்டுகள் ஆயின. 2003-ஆம் ஆண்டு வொக்கார்ட் கம்பெனி இந்தியாவில் மரபணு முறையில் இன்சுலின் தயாரித்து வெளியிட்டது. 2004-ஆம் ஆண்டு பயோகான் தனது ‘இன்சுஜென்’ மருந்தை வெளியிட்டது. பயோகான் இதற்குப் ‘பிக்கியா பாஸ்டோரிஸ்’ என்னும் ஒருவகை ஈஸ்ட்டைப் பயன்படுத்தியது. மரபணு புகுத்தப்பெற்ற ஈஸ்ட் பெருங்கொப்பரைகளில் வளர்ந்து இன்சுலினின் முன்வடிவத்தைத் தன்னைச் சூழ்ந்துள்ள திரவத்தில் சுரக்கின்றது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்து, நொதிப்பொருளால் உரிய இடத்தில் வெட்டினால் இன்சுலின் கிடைக்கும். கொப்பரையில் நுண்ணுயிரை வளர்ப்பதும், நொதிப்பொருளைக் கையாள்வதும் முன்னரே கைவந்த கலைகளாக இருந்தமையால் இம்முயற்சி சாத்தியமாயிற்று.

பிறகு விலங்குயிரணுக்களை வளர்த்து நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும் படியும் எட்டப்பட்டது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான மருந்து ஒன்று கியூபா நாட்டு ஆராய்ச்சியாளரின் கூட்டுறவோடு 2006-ஆம் ஆண்டு வெளியாயிற்று. சிறிய நாடான கியூபா அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களின் வாயிலாகவே இத்துறையில் உயர்ந்தது என்பது கருதத்தக்கது. மார்பகப் புற்றுநோய்க்குரிய டிராஸ்டுஸுமாப் என்னும் மருந்துக்கு ஒப்பான மருந்தை பயோகானும் மைலான் கம்பெனியும் கூட்டாக உருவாக்கின. அமெரிக்கா அவ்வகையில் முதன்முதலாக 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அனுமதித்த மருந்து இதுவே.

தொடங்கிய தொழிலோ 2007-ஆம் ஆண்டு கைமாறியது. நொதிப்பொருள் பகுதியை டென்மார்க்கின் நோவோசைம்ஸ் கம்பெனிக்கு 11.5 கோடி டாலருக்கு விற்று, மருந்துத் துறையிலேயே முழுக்கவனமும் செலுத்தப்பட்டது. ஏணியின் கீழ்ப்படி மேற்படிக்கு விலையாயிற்று.

எய்தாத இலக்கு

வெற்றிகளை மட்டும் எண்ணினால் ஆராய்ச்சியின் இயல்பு புலப்படாது. இன்சுலினை ஊசியாகப் போடாமல் மாத்திரையாக உட்கொள்ளச் செய்ய இயலுமா என்பது மருத்துவ உலகின் நெடுநாளைய வினா. வயிற்றிலுள்ள அமிலமும் நொதிகளும் இன்சுலினைச் செரித்துவிடுவதே தடை. இத்தடையைத் தாண்ட வல்லதெனக் கருதிய ஒரு மருந்தை பயோகான் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நோயாளிகளிடையே நடத்தப்பெற்ற பெருஞ்சோதனையின் முடிவு 2011-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, முதன்மையாகக் கொண்ட இலக்கு எய்தப்படவில்லை எனத் தெரிந்தது.

இத்தகைய தோல்வியைத் தாங்கிக்கொண்டு நிலைபெறக் கம்பெனிக்கு வேறு வருவாய் இருந்தது. தனியொரு கருத்தை மட்டும் நம்பித் தொடங்கும் சிறு முயற்சி அவ்வாறு தாங்க இயலாது. புத்தாராய்ச்சியில் பத்தில் ஒன்று பலிப்பதே அரிது எனில், பலிக்காதவற்றின் செலவையும் தாங்கும் ஏற்பாடு நாட்டில் இருந்தாக வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத அடித்தளம்

ஹெப்பகோடியின் வளர்ச்சி தனி ஒருவரின் உறுதியால் மட்டும் நிகழ்ந்ததெனக் கருதுவது பொருந்தாது. அரசாங்கம் பல ஆண்டுகளாக இட்ட அடித்தளம் அதற்குத் துணை நின்றது.

முதலாவது கல்வி. பெங்களூரின் கல்லூரிகளிலும், விஞ்ஞானக் கழகத்திலும், பின்னர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பகுதியாக இந்நகரில் அமைந்த தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்திலும் பயின்றவர்கள் இப்பகுதித் தொழில்களுக்குக் கிடைத்தனர்.

இரண்டாவது சட்டம். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் அளித்த அறிக்கையைத் தழுவி இயற்றப்பட்ட 1970-ஆம் ஆண்டுப் பேட்டண்ட் சட்டம், மருந்துகளில் விளைபொருளுக்கு உரிமை அளிக்காது, செய்முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. ஒரே மருந்தை வேறு செய்முறையால் தயாரிக்க இந்தியக் கம்பெனிகள் கற்றன. 2005-ஆம் ஆண்டு விளைபொருளுக்கும் உரிமை வழங்கப்பட்டபோது, செய்முறைத் திறமை நாட்டில் வேரூன்றிவிட்டிருந்தது.

மூன்றாவது, துறைக்கென அமைந்த நிர்வாகம். 1982-ஆம் ஆண்டு தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியத்தையும், 1986-ஆம் ஆண்டு தனி இலாகாவையும் மத்திய அரசாங்கம் நிறுவியது. கர்நாடக மாநில அரசாங்கம் 2001-ஆம் ஆண்டு இத்துறைக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது.

அரசாங்க ஆராய்ச்சிச்சாலையும் தொழிலும் நேரே கைகோத்ததற்கும் உதாரணங்கள் உண்டு. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்க வகுத்த முறையை கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்று, ‘அமுல்’ என்ற பெயரால் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஹைதராபாத்தில் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனி, 1997-ஆம் ஆண்டு மரபணு முறையில் மஞ்சட்காமாலைத் தடுப்பு மருந்தை வெளியிட்டது. இவை பெருமைக்குரியவை. ஆயினும் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இவை இருப்பதே சிந்தனைக்குரியது.

கணக்கு உணர்த்தும் உண்மை

மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவரப்படி, 2020-21-ஆம் ஆண்டில் இந்தியா ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிட்ட தொகை சுமார் 1,27,381 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 0.64 சதவீதம். இத்தொகையில் தனியார் தொழில்துறையின் பங்கு 36.4 சதவீதம் மட்டுமே.

தென் கொரியாவை இதனோடு ஒப்பிடலாம். அந்நாடு 1966-ஆம் ஆண்டு அரசாங்க முயற்சியால் கொரிய விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையத்தை அமைத்தபோது, ஆராய்ச்சிச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றிருந்தது. மொத்த உற்பத்தியில் அச்செலவு அரை சதவீதத்தை எட்டவில்லை. இன்று அது நான்கரை சதவீதத்தைத் தாண்டியுள்ளது; அதில் முக்காற்பங்கிற்கு மேல் தொழில்துறையே செலவிடுகின்றது. அரசாங்கம் முதலில் விதைத்தது. பின்னர் தொழில்துறை பயிரிட்டது.

இக்கணக்கு வெறும் எண்களைப் பற்றியதன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாளுக்கும், இந்தியத் தயாரிப்பு வெளிவந்த நாளுக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்வளவு காலமும் இந்நாட்டு நோயாளிகள் விலங்கு இன்சுலினையோ, இறக்குமதியான மனித இன்சுலினையோ நம்ப வேண்டியிருந்தது. இனி வரும் உயிர்காக்கும் மருந்துகளிலும் அதே இடைவெளி நீடிக்குமா, குறையுமா என்பது நாட்டின் ஆராய்ச்சி அமைப்பு எவ்வாறு பலப்படுகின்றது என்பதைப் பொறுத்தது.

இடைப்படியை நிரப்பும் ஏற்பாடுகள்

அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பலவும் ஆராய்ச்சிச்சாலைக்கும் தொழிற்சாலைக்கும் இடைப்பட்ட படியையே நோக்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

உயிரித் தொழில்நுட்ப இலாகா 2012-ஆம் ஆண்டு ‘பைராக்’ எனச் சுருக்கமாக வழங்கும் உதவிக் குழுவை ஒரு கம்பெனியாக அமைத்தது. புதுக் கருத்து உடைய இளம் ஆராய்ச்சியாளருக்கு 18 மாத காலத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்குவது அதன் திட்டங்களுள் ஒன்று. கருத்து பலிக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கவே இத்தொகை. ஹெப்பகோடியை அடுத்த எலெக்ட்ரானிக் சிட்டியில் கர்நாடக அரசாங்கமும் மத்திய இலாகாவும் சேர்ந்து அமைத்த பெங்களூர் உயிரிப் புத்தாக்க மையம், புதிய கம்பெனிகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தையும் விலையுயர்ந்த கருவிகளையும் வாடகைக்கு அளிக்கின்றது. 1978-ஆம் ஆண்டு கொட்டகையில் தொடங்கியவருக்குக் கிட்டாத கிருமியற்ற அறை, இன்று தொடங்குபவருக்கு அருகிலேயே கிட்டுகின்றது.

பாராளுமன்றம் 2023-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தினால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறநிலையம் உருவாயிற்று. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயை ஆராய்ச்சிக்குத் திரட்டுவது அதன் நோக்கம். அதில் 14,000 கோடியை மத்திய அரசாங்கம் அளிக்கும். எஞ்சியது தொழில்துறை, கொடையாளர் முதலியோரிடமிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. மாநிலப் பல்கலைக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆராய்ச்சியைப் பரப்புவதும் அதன் கடமை.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய மந்திரி சபை ஒப்புதல் அளித்த 1 லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டம் தனியார் துறையின் ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்டது. ஒரு தொழில் நுணுக்கம் கருத்தளவிலிருந்து பயனுக்கு வரும்வரை கடக்க வேண்டிய நிலைகளை ஒன்பது படிகளாகப் பகுப்பது வழக்கம். நான்காம் படியையும் அதற்கு மேற்பட்டவற்றையும் எட்டிய முயற்சிகளுக்கு, குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் அளிப்பதும், பங்கு மூலதனம் அளிப்பதும் இத்திட்டத்தின் கூறுகள். குப்பிக்கும் கொப்பரைக்கும் நடுவேயுள்ள தூரம் ஏறக்குறைய இப்படிகளிலேயே அடங்கும்.

அறியத்தக்க முடிவுகள்

ஹெப்பகோடியின் அனுபவத்திலிருந்து அறியத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

முதலாவது: திறமை படிப்படியாகவே வளர்கின்றது. பப்பாளிப் பால், தவிட்டுத் தட்டு, பூஞ்சை மருந்து, ஈஸ்ட் இன்சுலின், எதிர்ப்புப் புரதம் என ஒவ்வொரு படியும் முந்திய படியில் பெற்ற பயிற்சியின்மேல் நின்றது. எளிய தொழிலில் தொடங்குவது இழுக்காகாது. அதிலேயே நின்றுவிடுவதே குறை.

இரண்டாவது: மாதிரி ஆலைக்கும் நீண்ட சோதனைக்கும் உரிய மூலதனம் பொறுமையுடையதாக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் பணம் இதற்குப் பயன்படாது.

மூன்றாவது: கல்வி, சட்டம், நிர்வாகம் ஆகியவற்றில் அரசாங்கம் இடும் முதல் உடனே பலன் தருவதில்லை. 1970-ஆம் ஆண்டின் சட்டமும் 1986-ஆம் ஆண்டின் இலாகாவும் அளித்த பலன் முழுமையாகத் தெரிந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே. இடையில் பலன் எங்கே எனக் கேட்டு அவற்றைக் கைவிட்டிருந்தால், பின்னர் அறுவடை செய்ய ஒன்றும் இருந்திராது.

நான்காவது இவை யாவற்றினும் முக்கியமானது. இக்கம்பெனி வளர்ந்த கதையில் தற்செயல் பலமுறை குறுக்கிட்டது. அயர்லாந்துக் கூட்டாளி தேடி வந்தது தற்செயல். வங்கி அதிகாரியைச் சந்தித்தது தற்செயல். இடர் ஏற்க அஞ்சாத தலைவர் ஒருவர் அவ்வேளையில் கடன் ஸ்தாபனத்தில் இருந்ததும் தற்செயலே. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் அம்முயற்சி கொட்டகையிலேயே முடிந்திருக்கக்கூடும். அவ்வாறு முடிந்துபோன வேறு முயற்சிகள் எத்தனை என்பதற்குக் கணக்கு ஏதுமில்லை. தருமபுரியிலோ கோலாரிலோ உள்ள ஓர் அரசினர் கல்லூரியில் நல்ல கருத்து ஒன்று ஒரு மாணவிக்குத் தோன்றுமாயின், அவர் யாரையும் விருந்தில் சந்திக்க வேண்டிய அவசியமின்றி, விண்ணப்பம் எழுதி அனுப்பியே ஆராய்ச்சிக்கூடத்தையும் மூலதனத்தையும் பெறக்கூடிய நிலை வருதல் வேண்டும். ஒருவருக்கு நற்பேறாக வாய்த்தது அனைவருக்கும் முறையாக வாய்ப்பதே தேசிய ஆராய்ச்சி அமைப்பு என்னும் சொல்லின் பொருளாகும்.

இதற்கு வேண்டிய சட்டமும் நிதியும் இப்போது ஏட்டில் இடம்பெற்றுவிட்டன. அவை உரிய காலத்தில், உரியவர் கையில் சென்று சேர்கின்றனவா என்பதே இனி எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு.